காதுக்கு எழுதியவர்: பு.ல. தேஷ்பாண்டேயின் உரைநடையும் வானொலியும்

பு.ல. தேஷ்பாண்டேயை (1919–2000) அறிமுகப்படுத்துவோர் பெரும்பாலும் ஒரு பட்டியலோடு நிறுத்திக்கொள்கிறார்கள்: நகைச்சுவையாளர், நாடகாசிரியர், நடிகர், இசையமைப்பாளர், திரைப்பட இயக்குநர், பயண நூலாசிரியர், வானொலித் தயாரிப்பாளர். மும்பையில் பிறந்து, புனேயின் ஃபெர்குசன் கல்லூரியிலும் சாங்லியின் வில்லிங்டன் கல்லூரியிலும் படித்தவர், மறைந்தது புனேயில்.    பட்டியலுக்கு வருவோம். 'பல்துறை வித்தகர்' என்று புகழ்ந்துவிட்டால் அவருடைய உரைநடையை ஆராயும் பொறுப்பு நமக்கு இல்லாமல் போகிறது. அத்தனை துறைகளிலும் அவர் செய்தது ஒரே வேலைதான் என்பது என் துணிபு: மனிதர்களின் பேச்சைக் காதால் பிடித்து, மறுபடி காதுக்கே தருவது.

1950களின் நடுவில் அவர் ஆகாசவாணியில் சேர்ந்தார். லண்டன் பி.பி.சி.யில் பயிற்சி பெற்றார். 1959 செப்டம்பரில் தில்லியில் தொலைக்காட்சி தொடங்கியபோது அதன் முதல் தயாரிப்பாளர்களுள் ஒருவரானார். வானொலி நாடகத்தில் முகமோ உடையோ காட்சியமைப்போ உதவிக்கு வராது. பேசுபவரின் ஊர், வயது, சாதி, மனநிலை எல்லாவற்றையும் முதல் இரண்டு வாக்கியங்களுக்குள் குரலே சொல்லியாக வேண்டும். நேயரால் பக்கத்தைத் திருப்பி மறுபடி படிக்கவும் முடியாது. அவருடைய எழுத்தில் இந்தக் கட்டாயம் எப்படிப் படிந்திருக்கிறது என்பதற்கு 'வ்யக்தி ஆணி வல்லீ' நல்ல சான்று. 1965இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற இந்நூலில் ரத்னகிரியின் அந்து பர்வா தன் ஊர்ப் பேச்சின் கசப்போடு வருகிறார். பெஸ்தன் காகா பார்சிகளின் மராத்தியோடு வருகிறார். இன்னும் நுட்பமானவன் சகாராம் கட்ணே. புத்தகம் படித்துப் படித்துப் புத்தக நடையிலேயே பேசும் பையன் அவன். எழுத்து மொழி வாயில் ஏறினால் எவ்வளவு விநோதமாக ஒலிக்கும் என்பதைக் கேட்டுப் பார்த்த ஒருவரால்தான் இப்படி ஒரு பாத்திரத்தைப் படைக்க முடியும். 'கணகோத்' தொகுப்பில் வரும் ராவ்சாகேபின் கன்னடம் கலந்த பெல்காம் மராத்தியையும் இவர்களோடு சேர்க்க வேண்டும்.

'பட்டாட்யாசீ சாள்' (1958) ஒரு மும்பை ஒண்டுக்குடித்தனத்தின் கதை. அதன் அமைப்பைக் கவனித்தால், கூட்டம், கிளர்ச்சி, சுற்றுலா ஏற்பாடு, இலவச அறிவுரை என்று பலர் ஒரே நேரத்தில் வாய் திறக்கும் சந்தர்ப்பங்களாகவே அது கோக்கப்பட்டிருப்பது தெரியும். உடல் இளைக்க ஒருவர் உபவாசம் இருக்கத் தீர்மானிக்கிறார். அண்டை வீட்டார் ஆளுக்கொரு உணவை விடச் சொல்கிறார்கள். அங்கே சிரிப்பு எழுவது நிகழ்ச்சியால் அல்ல, குரல்களின் நெரிசலால். பின்னர் இதே நூலை மேடையில் தனி ஒருவராக, எல்லாப் பாத்திரங்களையும் தாமே பேசி நடத்தினார். ஒரு ஊரையே குரல்களாகக் கட்டியெழுப்பிய டிலன் தாமஸின் 'அண்டர் மில்க் வுட்' 1954இல் பி.பி.சி.யில் ஒலிபரப்பானது. அதன் தாக்கம் இங்கே உண்டென்று நான் வாதிடவில்லை. ஒரே ஊடகம் இரு மொழிகளில் ஒத்த வடிவங்களைக் கோரியது என்றே சொல்கிறேன்.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். கதை, வசனம், இசை, இயக்கம், நடிப்பு எனப் பலவற்றை அவரே ஏற்ற 'குளாசா கணபதி' திரைப்படம் 1953இல் வந்தது. அப்போது அவர் வானொலிக்குப் போகவில்லை. உண்மைதான். பீம்சேன் ஜோஷி பாடிய 'இந்திராயணீ காடீ' அந்தப் படத்துக்கு அவர் இசையமைத்த பாடல். ஆர்மோனியத்தில் பழகிய காது அவருக்கு முன்பே இருந்தது. அதற்கு ஒழுங்கைக் கொடுத்தது வானொலி. ஆகவே மறுப்பு என் வாதத்தைத் திருத்துகிறதே ஒழிய வீழ்த்தவில்லை.

தழுவல்களும் இதையே காட்டுகின்றன. பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' உச்சரிப்பை வைத்து மனிதரை எடைபோடும் சமூகத்தைப் பற்றிய நாடகம். அதை 'தீ ஃபுல்ராணி' ஆக்கியபோது, லண்டன் வர்க்க வேறுபாட்டுக்கு ஈடாக மராத்தியின் பேச்சு வேறுபாடுகளைப் பொருத்தினார். பிரெக்டின் நாடகம் 'தீன் பைஷாசா தமாஷா'வாக மாறி, 1978இல் புனேயின் தியேட்டர் அகாதெமி வழியாக மேடையேறியது. மனைவி சுனீதா தேஷ்பாண்டேயோடு சேர்ந்து பா.ப. போர்கர், மர்டேகர் கவிதைகளை மேடைகளில் வாசித்ததையும் இதே வரிசையில் வைக்கலாம்.

தமிழிலும் வானொலி எழுத்தாளர்களை வளர்த்திருக்கிறது. மீ.ப. சோமு ஆகாசவாணியில் பணிபுரிந்தவர். அவருடைய 'அக்கரைச் சீமையிலே' என்ற பயண நூலுக்கு 1962இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அதற்குச் சற்று முன், 1960இல், பு.ல.வின் ஐரோப்பியப் பயண நூல் 'அபூர்வாயி' வெளிவந்தது. இரு வானொலிக்காரர்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் எழுதிய இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பது பயனுள்ள ஆய்வாகும். வானொலியில் பணிபுரிந்த தி. ஜானகிராமனின் உரையாடல் வன்மையை விளக்கத் தஞ்சாவூரோடு ஒலிபரப்புக் கூடத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதும் என் எண்ணம்.

பு.ல.வின் காது எல்லாக் குரல்களையும் ஒரே அளவில் வாங்கவில்லை. அவர் வாழ்ந்த அதே புனேயில் ஒரு கிராமத்து மாணவன் படும் அந்நியத்தைப் பாலச்சந்திர நெமாடே 'கோசலா'வில் (1963) எழுதினார். அந்த எரிச்சலுக்குப் பு.ல.வின் நடுத்தர வர்க்க முற்றத்தில் இடம் குறைவு. நாம்தேவ் தசாலின் 'கோல்பீடா' (1972) காட்டிய மும்பை, சாளின் மாடத்திலிருந்து தெரிகிற மும்பை அல்ல. சிரிப்பின் வெதுவெதுப்பு அந்த விளிம்பை மழுப்பிவிடுகிறது என்ற விமர்சனத்தை எளிதில் ஒதுக்க முடியாது. ஆனாலும் அதைச் சொல்வோர் பெரும்பாலும் அச்சுப் பிரதியை மட்டுமே பார்த்துத் தீர்ப்பெழுதுகிறார்கள். மேடையிலும் ஒலிப்பதிவிலும் அவர் சொன்ன அந்து பர்வா, அச்சிலுள்ளதோடு சொல்லுக்குச் சொல் ஒன்றல்ல. இடைவெளி எங்கே விழுகிறது, எந்தச் சொல்லில் குரல் தாழ்கிறது என்பவற்றையும் குறித்து, அச்சையும் ஒலிப்பதிவையும் ஒப்பிடும் பதிப்பு ஒன்றை மராத்தி ஆய்வாளர்கள் உருவாக்க வேண்டும். ரத்னகிரிக் கிழவரின் கசப்பு எவ்வளவு, கனிவு எவ்வளவு என்ற வழக்கை அதன் பிறகு பேசலாம்.