கண்ணாடித் தொட்டியில் கங்கை மீன்

பாலிகஞ்சில் குடியேறிய எங்களைப் போன்ற மரக்கறிக் குடும்பங்களில் மீன் நுழைவது எளிதன்று. எங்கள் இல்லத்தில் அது நுழைந்தது. ஆனால் அடுக்களை வழியாக அன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மகள் காலிஃப் தெருச் சந்தையிலிருந்து நான்கு பொன்மீன்களைக் கொண்டு வந்தாள். அன்றே தொட்டி வாங்கி, குழாய் நீரை நிரப்பி, மீன்களை விட்டோம். ஐந்தாம் நாள் ஒன்றும் எஞ்சவில்லை. "வாயில்லா ஜீவனைக் கொன்ற பாவம் நமக்கு எதற்கு?" என்று என் தாயார் தொட்டியைக் கவிழ்த்து வைத்தார். மகளோ இரண்டு நாள் சரியாக உண்ணவில்லை.

இத்தகைய ஏமாற்றம் எங்களுக்கு முன்பும் நேர்ந்ததுதான். லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலார் இரண்டு பொன்மீன்களை நீர்ச்செடியுடன் ஒரு கலத்தில் வளர்த்துப் பார்த்தார். செடி பிராண வாயுவைத் தந்தது. ஆயினும் அதன் இலைகள் அழுகவே நீர் கலங்கிற்று. அழுகலைத் தின்ன நத்தைகளை விட்டபின் தெளிந்தது. இதனை அவர் 1850-இல் வெளியிட்டார். 1853-இல் லண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. நம் சென்னைக் கடற்கரையிலும் 1909-இல் ஒன்று தோன்றிற்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மறைந்தது.

வாரிங்டன் அறியாத ஒன்றும் உண்டு. மீனின் கழிவால் நீரில் அம்மோனியா என்னும் நஞ்சு சேர்கிறது. அதனைப் படிப்படியாகத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்கள் புதிய தொட்டியில் போதிய அளவு இரா. பெருகுவதற்குச் சில வாரங்கள் வேண்டும். குழாய் நீரிலுள்ள குளோரினோ செவுள்களைப் புண்படுத்தும்.

இவற்றை எங்களுக்கு விளக்கியவர் அண்டை வீட்டு வங்காளப் பெரியவர். செடி நட்டு, ஒரு மாதம் பொறுத்திருக்கச் செய்தார். பின்னர் 'லால் கொல்சே' இணை ஒன்றைக் கொடுத்தார். வங்காளிகள் கொல்சேயை உண்பதும் உண்டு. மொழிபெயர்ப்பே என் தொழில்; எனினும் அச்செய்தியை மட்டும் என் தாயாருக்கு நான் மொழிபெயர்க்கவில்லை.

இம்மீனுக்குச் செவுளோடு, மேற்பரப்புக் காற்றைச் சுவாசிக்கும் தனி உறுப்பும் உண்டு. இதனை உலகுக்கு விவரித்தவர் பிரான்சிஸ் ஹாமில்டன். கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பாளராகவும் இருந்த அவர், 1822-இல் வெளியிட்ட கங்கை மீன்கள் பற்றிய நூலில் இருநூற்றுக்கும் மேற்பட்ட இனங்களை விவரித்தார். இன்று உலகெங்கும் மரபியல் ஆய்வுக்கூடங்களில் வளரும் வரிக்குதிரை மீனும் அதே நூலில் இடம்பெற்றதே! அயல்நாட்டினர் விலை கொடுத்து வாங்கும் அழகு மீன்கள் பல, நம் வாசலுக்கு அப்பாலுள்ள குளத்தினுடையவை.

அடுத்த மழைக்காலத்தில் அந்த ஆண் மீன் குமிழிகளாலும் செடித் துணுக்குகளாலும் கூடு கட்டிற்று. முட்டைகளைக் காத்து, பெண் மீனை அருகில் வரவிடாமல் விரட்டிற்று. தொட்டியைக் கவிழ்த்த என் தாயார், விடியுமுன் எழுந்து, விளக்கைப் போடாமல், அதனெதிரே நாற்காலியிட்டு அமர்ந்திருந்தார்.