டாஸ்பாக்ஸில் டர்போ சி: தமிழகக் கணினி ஆய்வகங்களில் எமுலேஷன்

எமுலேஷன் என்பது ஒரு கணினியின் செயலி, நினைவகம், திரை, விசைப்பலகை ஆகியவை நடந்துகொள்ளும் விதத்தை இன்னொரு கணினியில் மென்பொருளைக் கொண்டே நிகழ்த்தும் முறை. அதைச் செய்யும் மென்பொருளுக்கு எமுலேட்டர் என்று பெயர். பழைய கணினிக்காக எழுதிய நிரல், தான் வேறோர் இயந்திரத்தில் ஓடுவதை அறியாமலேயே ஓடும். பழைய விளையாட்டுகளை மீட்டெடுப்பதால்தான் இம்முறை உலகப் புகழ் பெற்றது. தமிழ்நாட்டில் அதன் மிகப் பரவலான பயன் பாடத்திட்டத்தில் இருந்தது. போர்லாண்டு நிறுவனம் 1991இல் வெளியிட்ட டர்போ சி++ 3.0 என்ற நிரலாக்க மென்பொருள், அதற்கு இருபது ஆண்டுகள் கழித்து வந்த 64 பிட் கணினிகளில் டாஸ்பாக்ஸ் என்ற எமுலேட்டருக்குள் அமர்ந்து ஆயிரக்கணக்கான மாணவர்களுக்கு நிரல் எழுதக் கற்றுக்கொடுத்தது.

இம்முறையின் தொடக்கம் வணிகத் தேவையில் இருந்தது. 1964இல் ஐபிஎம் நிறுவனம் சிஸ்டம்/360 வரிசையை அறிவித்தபோது, அதற்கு முந்தைய 1401 கணினிக்காக வாடிக்கையாளர்கள் எழுதிவைத்திருந்த நிரல்களைத் தூக்கி எறியச் சொல்ல முடியவில்லை. புதிய கணினிக்குள்ளேயே 1401இன் ஆணைகளைப் புரிந்துகொள்ளும் அமைப்பை வைத்தார்கள். எமுலேட்டர் என்ற பெயர் நிலைபெற்றதும் அப்போதுதான். இந்தியாவில் ஐபிஎம் பெரும்பாலும் வாடகைக்கு விட்டவை இந்த 1401 கணினிகளே. நிறுவனம் 1978இல் நாட்டைவிட்டு வெளியேறியது. சென்னை ஐஐடிக்கு மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1973இல் வந்த ஐபிஎம் 370/155 அடுத்த தலைமுறையைச் சேர்ந்தது.

பள்ளிகளுக்குக் கணினி வந்தது 1984-85இல், நடுவண் அரசின் கிளாஸ் திட்டத்தின் வழியாக. அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது பிரிட்டனின் பிபிசி மைக்ரோ. அந்தக் கணினியை இப்போது பீப்எம் என்ற எமுலேட்டரில் முழுமையாக இயக்கலாம். ஆனால் அதன் பேசிக் மொழியைப் பயின்ற தலைமுறை சிறியது. அடுத்து வந்த ஐபிஎம் வகைப் பிசியும் எம்எஸ் டாஸும்தான் வேரூன்றின. அவற்றோடு டர்போ சியும் வந்தது.

டர்போ சி 1987இலும், டர்போ சி++ 1990இலும் வெளியாயின. நிரலை எழுதுவது, தொகுப்பது, பிழை காண்பது, ஓட்டுவது எல்லாம் ஒரே நீலத் திரையில் நடந்தன. சில ஃபிளாப்பிகளில் அடங்கிய மென்பொருள் மிகக் குறைந்த நினைவகத்திலும் ஓடியது. ஆகவே கணினிகள் அரிதாகவும் விலை கூடியும் இருந்த ஆய்வகங்களுக்கு அது பொருந்தியது. யஷவந்த் கனேட்கரின் 'லெட் அஸ் சி', பின்னாளில் அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த இ. பாலகுருசாமியின் சி, சி++ பாடநூல்கள் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு மாணவர்கள் தட்டச்சு செய்தது இந்த நீலத் திரையில்தான். தமிழ்நாட்டு மேல்நிலை வகுப்பின் கணினி அறிவியல் பாடநூலும் டர்போ சி++ மரபிலேயே எழுதப்பட்டது. ஐஓஸ்ட்ரீம்.எச், கோனியோ.எச் என்ற தலைப்புக் கோப்புகளும் 'வாய்ட் மெயின்' என்ற தொடக்கமும் அதில் பக்கத்துக்குப் பக்கம் வந்தன. 2001இல் அண்ணா பல்கலைக்கழகம் இணைப்புப் பல்கலைக்கழகமாக மாறியபோது, மாநிலம் முழுவதும் பரவியிருந்த பொறியியல் கல்லூரிகள் ஒரே பாடத்திட்டத்துக்குள் வந்தன. ஒரே வகைச் செய்முறைத் தேர்வு, ஒரே வகை ரெக்கார்டு நோட்டு, ஆண்டுதோறும் கைமாறும் அதே நிரல்கள் என்று ஒரு பழக்கம் உறைந்துபோனது.

தாம்பரத்திலிருந்து வண்டலூர் வரையிலான சென்னைப் புறநகரில் இந்தப் பழக்கத்தை அருகருகே காணலாம். கிழக்குத் தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியும், தெற்கே வண்டலூரில் 1984இல் தொடங்கிய கிரசென்ட் பொறியியல் கல்லூரியும் உள்ளன. மேற்குத் தாம்பரத்தில் 1995இல் சாய்ராம் பொறியியல் கல்லூரி தொடங்கியது. சற்றுத் தள்ளிக் குரோம்பேட்டையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்ஐடி வளாகம் இருக்கிறது. இக்கல்லூரிகளை நம்பிக் கணினிப் பயிற்சி மையங்களும், பிரவுசிங் சென்டர்களும், நிரலின் அவுட்புட்டை அச்செடுத்துத் தரும் ஜெராக்ஸ் கடைகளும் சாலையோரம் வளர்ந்தன.

விண்டோஸ் 98 வரை டர்போ சி சிக்கலின்றி ஓடியது. எக்ஸ்பியில் டாஸ் நிரல்களுக்கென்று என்டிவிடிஎம் என்ற இடைத்தட்டு இருந்தது. 1985இல் வந்த 386 செயலியிலேயே பழைய 8086ஐப் போல நடந்துகொள்ளும் ஒரு நிலை உண்டு, இந்த இடைத்தட்டு அதைப் பயன்படுத்திக்கொண்டது. விஸ்டாவிலும் விண்டோஸ் 7இலும் முதல் தடங்கல் வந்தது. திரைக்கான இயக்கி முறை மாறியதால் டாஸ் நிரல்கள் முழுத்திரையைப் பிடிக்க முடியவில்லை. இந்தக் கணினி முழுத்திரைக்கு ஆதரவு தராது என்ற அறிவிப்பு தோன்றும், கிராபிக்ஸ் நிரல்கள் நின்றுவிடும். 64 பிட் விண்டோஸ் வந்தபோது கதவு முழுதாக மூடியது. செயலி 64 பிட் நிலையில் இருக்கும்போது அந்த 8086 நிலை அதற்குக் கிடைக்காது. எனவே மைக்ரோசாஃப்ட் என்டிவிடிஎம்மையே 64 பிட் பதிப்புகளில் சேர்க்கவில்லை. 2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. வீட்டில் கணினியே இல்லாதிருந்த மாணவர்களிடம் சொந்தக் கணினி வந்து சேர்ந்தது. பாடநூலோ இருபது ஆண்டுப் பழைய மென்பொருளைக் கேட்டது.

அந்த இடைவெளியை நிரப்பியது டாஸ்பாக்ஸ். பழைய டாஸ் விளையாட்டுகளை விளையாடுவதற்காகப் பீட்டர் வீன்ஸ்ட்ராவும் ஷூர்ட் வான் டெர் பெர்க்கும் தொடங்கி, 2002 முதல் வெளியிட்டுவந்த கட்டற்ற மென்பொருள் அது. ஒரு முழுப் பிசியை அது மென்பொருளால் கட்டியெழுப்புகிறது: 8086 முதல் 386, 486 வரையிலான செயலியின் ஆணைகள், 640 கிலோபைட் என்ற பழைய நினைவக வரம்பு, விஜிஏ திரை, சவுண்ட் பிளாஸ்டர் ஒலியட்டை, நேரம் காட்டும் கடிகாரச் சில்லு எல்லாம் அதில் உண்டு. நிரலின் ஆணைகளை ஒவ்வொன்றாக எடுத்து, பொருள்கண்டு, அதே விளைவைத் தரும் வேலையைப் புதிய செயலியிடம் வாங்குவது ஒரு வழி. ஆணைகளைத் தொகுதி தொகுதியாகப் புதிய செயலியின் மொழிக்கே மாற்றி வைத்துக்கொண்டு ஓட்டுவது இன்னொரு வழி, வேகமும் கூடியது. டாஸ்பாக்ஸில் இரண்டும் உள்ளன. வேகத்தைக் குறைத்துக் காட்டுவதும் எமுலேட்டரின் கடமைதான். பழைய நிரல்கள் பல, செயலியின் வேகத்தை வைத்தே காலத்தைக் கணித்தன. வேகமான கணினியில் நேரடியாக ஓட்டினால் விளையாட்டு கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துபோகும். டர்போ பாஸ்கலில் எழுதிய நிரல்கள் சில, தொடங்கும்போதே 200ஆம் எண் பிழையோடு நின்றன.

டாஸ்பாக்ஸைத் திறந்து, டிசி கோப்புறையை மவுன்ட் ஆணையால் சி டிரைவாக இணைத்து, அதிலுள்ள 'பின்' (BIN) கோப்புறைக்குள் போய் இயக்க வேண்டும் என்பது முறையான வழி. மாணவர்களிடையே பரவியதோ இவை அனைத்தையும் முன்கூட்டியே செய்து ஒரே பொதியாகக் கட்டிய வடிவம். பென்டிரைவில் கைமாறிய அப்பொதியை நிறுவினால் திரையில் ஒரு டர்போ சி படவுரு வரும், சொடுக்கினால் நீலத் திரை திறக்கும். தாம் எமுலேட்டருக்குள் இருப்பதை அறியாமலே பலரும் பட்டப்படிப்பை முடித்தார்கள்.

அது தெரியவந்த ஓரிடம் கன்ட்ரோல் எஃப்9. டர்போ சியில் நிரலை ஓட்டும் விசை அதுதான், ஆசிரியர் முதல் நாளே சொல்லித்தருவது. டாஸ்பாக்ஸில் அதே விசைக்கு எமுலேட்டரை உடனடியாக மூடு என்று பொருள். எஃப்2 அழுத்திச் சேமிக்காமல் கன்ட்ரோல் எஃப்9 அழுத்தினால் எழுதிய நிரலோடு சாளரமே மறைந்துவிடும். இரண்டு காலங்களின் விசைப்பழக்கம் ஒன்றோடொன்று மோதியதன் விளைவு இது. கட்டப்பட்ட பொதிகள் டாஸ்பாக்ஸின் விசை அட்டவணையை மாற்றி இதைத் தவிர்த்தன, மாற்றாத இடங்களில் மெனுவில் ரன் என்பதைத் தேர்ந்தெடுத்தார்கள். சாளரத்துக்குள் சிக்கிய மவுஸை வெளியே கொண்டுவரும் கன்ட்ரோல் எஃப்10உம் இப்படித்தான் வாய்மொழியாகப் பரவியது.

இந்த ஏற்பாட்டுக்கு விலையும் உண்டு. சி++ மொழிக்கு முதல் ஐஎஸ்ஓ தரம் 1998இல் வந்தது. டர்போ சி++ 3.0 அதற்கு ஏழாண்டு மூத்தது. தரநிலை நூலகமும் பெயர்வெளிகளும் அதில் கிடையாது. தரத்தின்படி மெயின் செயல்பாடு முழு எண்ணைத் திருப்பித்தர வேண்டும், இங்கோ வாய்ட் மெயின் என்பதே சரியென்று பதிந்தது. முழு எண் மாறிக்கு இரண்டு பைட், உச்ச மதிப்பு 32,767 என்று வைவாவில் ஒப்பித்த மாணவர், வேலைக்குச் சென்ற இடத்தில் நான்கு பைட்டைச் சந்தித்தார். எமுலேட்டர் தன் வேலையை நேர்மையாகவே செய்தது, 16 பிட் உலகத்தை அப்படியே தந்தது. தவறு, அந்த உலகத்தை விட்டு நகராத பாடத்திட்டத்தின்மேல்தான். ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: கிராபிக்ஸ்.எச் வழியாக நான்கைந்து வரிகளில் வட்டமும் நகரும் படகும் வரைந்த மகிழ்ச்சியை, பின்னர் வந்த கருவிகள் அவ்வளவு எளிதில் தரவில்லை.

இதற்கு இணையாக நுண்செயலி ஆய்வகத்திலும் ஒரு மாற்றம் நடந்தது. இன்டெல் 1976இல் வெளியிட்ட 8085 செயலி இந்தியப் பொறியியல் பாடத்தில் நெடுங்காலம் நிலைத்தது. சென்னையின் வி மைக்ரோசிஸ்டம்ஸ் தயாரித்த பயிற்சிப் பலகைகளில், 4100 என்ற முகவரியிலிருந்து பதினாறடிமான எண்களை ஒவ்வொன்றாக அழுத்தி நிரல் ஏற்றுவது வழக்கம். ஓர் எண் தவறினாலும் மீண்டும் தேட வேண்டும். லினக்ஸில் இதற்கு ஏற்ற கருவி இல்லை என்று கண்ட ஸ்ரீதர் ரத்னகுமார், 2003இல் குனுசிம்8085 என்ற மென்பொருளை எழுதினார். பதிவகங்களும் நினைவகமும் கண்முன் மாறுவதைப் பார்த்தபடி ஒவ்வோர் ஆணையாக ஓட்ட முடிந்தது. பலகையிடம் வரிசையில் காத்திருக்காமல் விடுதி அறையிலேயே பழகவும் முடிந்தது. 2008இல் அது ஃபாஸ் இந்தியா விருது பெற்றது.

டர்போ சியிலிருந்து வெளியேறும் வழியும் இதே புறநகரில் தேடப்பட்டது. குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தின் ஏயு-கேபிசி ஆய்வு மையமும் நடுவண் அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையமும் சேர்ந்து 2005இல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை நடத்தத் தொடங்கின. பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளம் அங்கிருந்து பிறந்தது, அரசு மடிக்கணினிகளின் தொடக்கத் தொகுதிகளில் விண்டோஸோடு சேர்ந்தே வந்தது. லினக்ஸில் ஜிசிசி தொகுப்பி இயல்பாகவே கிடைக்கும். ஆனால் பாடநூல் மாறாதவரை மாணவர்கள் விண்டோஸையே திறந்தார்கள். 2018-19இல் பதினோராம் வகுப்புக்கு வந்த புதிய பாடநூல் சி++ஐ வைத்துக்கொண்டு, டெவ் சி++ என்ற புதிய கருவிக்கு மாறியது. மறு ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புக்குப் பைத்தான் வந்தது. பள்ளியளவில் டர்போ சியின் காலம் அத்தோடு முடிந்தது.

விளையாட்டுகளின் கதை இதற்குப் பக்கத்தில் ஓடியது. ஆசிரியர் இல்லாத நேரத்தில் ஆய்வகக் கணினிகளில் திறக்கப்பட்ட பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவும் டேஞ்சரஸ் டேவும் டாஸ் காலத்தவை. நீலத் திரைக்காக நிறுவிய அதே டாஸ்பாக்ஸ் அவற்றையும் உயிர்ப்பித்தது. தொலைக்காட்சியில் இணைத்த கேசட் வகை 'டிவி கேம்' கருவிகளில் மரியோவும் கான்ட்ராவும் ஓடின. அவை எமுலேட்டர்கள் அல்ல, நின்டெண்டோவின் ஃபேமிகாம் கருவியைச் சில்லு வடிவிலேயே நகலெடுத்தவை. ஆர்கேட் விளையாட்டு இயந்திரங்களைக் காக்கும் மேம் திட்டத்தை இத்தாலியின் நிக்கோலா சால்மோரியா 1997இல் தொடங்கினார். 2015 சனவரியில் இன்டர்நெட் ஆர்கைவ் சுமார் 2,400 டாஸ் விளையாட்டுகளை உலாவியிலேயே ஓடும்படி வெளியிட்டது, அதற்குள்ளும் இருந்தது டாஸ்பாக்ஸே. இன்று ஐயாயிரம், பத்தாயிரம் ரூபாய் ஆண்ட்ராய்டு போனே அந்தக் காலக் கருவிகள் பலவற்றை எமுலேட் செய்யப் போதுமானது.

சட்டம் எமுலேட்டரையும் அதில் ஓடும் மென்பொருளையும் வேறுபடுத்திப் பார்க்கிறது. சோனிக்கும் கனெக்டிக்ஸுக்கும் இடையிலான வழக்கில் 2000இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், பிளேஸ்டேஷன் எமுலேட்டரை உருவாக்கும்போது ஆய்வுக்காக எடுத்த நகல் நியாயமான பயன்பாடே என்றது. இந்தியாவில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, 1994, 1999 திருத்தங்களுக்குப்பின், முறையாக நகல் வைத்திருப்பவர் காப்பு நகல் எடுப்பதையும் நிரலின் செயல்பாட்டை ஆராய்வதையும் அனுமதிக்கிறது. பிறருக்கு நகலெடுத்துக் கொடுக்க அது இடம் தரவில்லை. போர்லாண்டு பிற்காலத்தில் டர்போ சி 2.01, டர்போ சி++ 1.01 பதிப்புகளை இலவசமாக வெளியிட்டது. ஆய்வகங்களில் பரவியதோ 3.0.

தமிழுக்கு எமுலேஷன் செய்யக்கூடிய பெரிய உதவி இனிமேல்தான் வர வேண்டும். கனடாவில் கி. சீனிவாசன் 1984இல் உருவாக்கிய ஆதமி, மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு ஆகியவை கணினியில் தமிழை முதலில் காட்டிய மென்பொருள்களுள் அடங்கும். டாஸுக்காக எழுதிய இத்தகைய செயலிகளின் வட்டுகள் கெடுவதற்குள் நகலெடுக்கப்பட்டால், டாஸ்பாக்ஸில் அவற்றை இயக்கிப் பார்க்கலாம், அவற்றில் எழுதிய கோப்புகளையும் அன்றைய வடிவிலேயே படிக்கலாம். சி-டாக்கின் ஜிஸ்ட் அட்டை வேறு வகை. பிசிக்குள் செருகிய அந்த வன்பொருள், டாஸ் நிரல்களில் இந்திய எழுத்துகளைத் திரையிட்டது. டாஸ்பாக்ஸ் அந்த அட்டையை எமுலேட் செய்வதில்லை. அதை நம்பி எழுதிய தமிழ்ப் பட்டியல்களையும் கணக்குகளையும் திறந்தால் எழுத்துகளுக்குப் பதில் குறிகளே தெரியும். விண்டோஸ் காலத்துத் தமிழ்க் கோப்புகளுக்கு எமுலேட்டரைவிடக் குறியேற்ற மாற்றிகளே போதும்: திஸ்கியும், 1999 சென்னைத் தமிழ் இணைய மாநாட்டுக்குப்பின் அரசு ஏற்ற டாப், டாம் குறியேற்றங்களும் ஒருங்குறிக்கு நேராக மாறும். 2010இல் ஒருங்குறியையும் டேஸ்16ஐயும் தமிழக அரசு தரமாக அறிவித்த பின் ஒருங்குறியில் எழுதிய கோப்புகளுக்கு அந்த மாற்றமும் தேவைப்படவில்லை.