பாளையங்கோட்டைச் சங்கிலியும் என் சிவப்பு லேசரும்

கிரானைட் கடையில் போய் இரண்டடிக்கு ஒன்றரை அடியில் கல் ஒன்று வேண்டும் என்றேன். "சமையல் மேடைக்கா அண்ணாச்சி?" என்றார் கடைக்காரர். "இல்ல அண்ணாச்சி, லேசர் வைக்க." ஒரு மாதிரி பார்த்தார். ஓரம் உடைந்த துண்டு ஒன்றைப் பாதி விலைக்குக் கொடுத்தார்.

இந்தக் கிறுக்கு எனக்கு வந்ததற்குக் காரணம் வில்லியம் லாம்டன் என்ற வெள்ளைக்காரர். 1809 வாக்கில் பாளையங்கோட்டைப் பக்கம் தரையில் ஒரு நேர்கோட்டை இரும்புச் சங்கிலியால் அளந்தவர். நான் பொறந்து வளர்ந்த ஊர். ஆனாலும் நாற்பது வயசு வரைக்கும் இது எனக்குத் தெரியாது.

எதற்காக அளந்தார்? முக்கோணத்தின் ஒரு பக்கத்தின் நீளமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் மற்ற இரண்டு பக்கங்களைக் கணக்கிலேயே கண்டுபிடித்துவிடலாம். பத்தாம் வகுப்புக் கணக்குதான். கண்டுபிடித்த பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம், அதன் மேல் இன்னொன்று. இப்படியே மலை, கோபுரம் என்று தாவித் தாவி இந்தியா முழுவதையும் அளந்துவிடலாம். தரையில் உண்மையாக அளக்க வேண்டியது அந்த முதல் பக்கத்தை மட்டும்தான். அதற்குப் பெயர் அடிக்கோடு. அதில் பிழை வந்தால் மேலே கட்டிய அத்தனை முக்கோணமும் அதே விகிதத்தில் தப்பு.

லாம்டன் முதல் அடிக்கோட்டை 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலை அருகே தொடங்கினார். ஏழரை மைல் நீளம். கையில் இருந்தது 100 அடி எஃகுச் சங்கிலி, இரண்டரை அடிக் கண்ணியாக 40 கண்ணிகள். சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசாகக் கொண்டுபோய், அங்கே வேண்டாம் என்று திரும்பி வந்த பொருள் அது. அதை 400 தடவை நீட்டி மடக்கி அளந்து முடிக்க ஆறு வாரம் ஆனது. அடுத்து பெங்களூர், கோயம்புத்தூர் என்று நகர்ந்து தெற்கே வந்தார். வழியில் 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது அரை டன் எடையுள்ள கோணமானி மோதிச் சிதைந்தது. கூடாரத்துக்குள் உட்கார்ந்து ஆறு வாரத்தில் அதைத் தன் கையாலேயே சரிபண்ணினார். அப்புறம்தான் நம்ம ஊர். இங்கே அடிக்கோடு அளந்தது ஒரு சோதனைக்கு: வடக்கிலிருந்து முக்கோணம் முக்கோணமாக வந்த கணக்கு சொல்லும் நீளமும், தரையில் சங்கிலி சொல்லும் நீளமும் ஒத்துப்போகிறதா?

இங்கேதான் வெயில் குறுக்கே வருகிறது. எஃகு ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் பத்து லட்சத்தில் பதினொன்றரை பங்கு நீளும். 100 அடிச் சங்கிலிக்கு அது சுமார் 0.35 மில்லிமீட்டர். பூ, இவ்வளவுதானா என்று தோன்றும். பரங்கிமலைக் கோட்டுக்கு அதை 400-ஆல் பெருக்குங்கள்: 14 சென்டிமீட்டர். ஒரே ஒரு டிகிரிக்கு! திருநெல்வேலியில் காலை ஆறு மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம் என்று உங்களுக்கே தெரியும். அதனால் லாம்டன் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தினார். பக்கத்தில் தெர்மாமீட்டர்களை வைத்துத் திருத்தம் போட்டார். இன்னொரு சங்கிலியை வேலைக்கு எடுக்காமல், ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைத்திருந்தார்.

இதைப் படித்ததும் எனக்கு ஒரு ஆசை. அந்தப் பதினொன்றரையை நானே வீட்டில் அளந்து பார்த்தால் என்ன?

அதற்குத்தான் கிரானைட். அதன் அடியில் பாதிக் காற்றடித்த பழைய டியூப், அதிர்வைத் தாங்க. மேலே ஒரு சிவப்பு லேசர், ஒளியை இரண்டாகப் பிரிக்கும் கண்ணாடி, பழைய ஸ்கேனரில் கழற்றிய இரண்டு கண்ணாடிகள். பிரிந்த ஒளி இரண்டு பக்கமும் போய்ப் பட்டுத் திரும்பி வந்து சேரும்போது சுவரில் இருட்டும் வெளிச்சமுமாகப் பட்டைகள் விழும். ஒரு கண்ணாடி அலைநீளத்தில் பாதி, அதாவது என் லேசருக்கு மில்லிமீட்டரில் சுமார் மூவாயிரத்தில் ஒரு பங்கு, நகர்ந்தால் ஒரு பட்டை நகரும். நாம் செய்ய வேண்டியது எண்ணுவது மட்டும். இதுதான் மைக்கேல்சன் இன்டர்ஃபெரோமீட்டர்.

பட்டை தெரியவே மூன்று வாரம் ஆச்சு. இரண்டு கைகளும் ஏறக்குறைய சம நீளம் இல்லாவிட்டால் மலிவு லேசரில் ஒன்றுமே தெரியாது. தெரிந்த பிறகும் குலவணிகர்புரம் ரயில்வே கேட் பக்கம் வண்டி போனால் பட்டை ஆடும். யாராவது ஃபேன் போட்டால் கலைந்துவிடும். ராத்திரி இரண்டு மணிக்குத்தான் நிற்கும்.

10 சென்டிமீட்டர் எஃகுக் கம்பி ஒன்றின் ஒரு முனையைக் கல்லில் இறுக்கி, மறுமுனையில் கண்ணாடியை ஒட்டினேன். ஒரு டிகிரிக்கு மூன்றரை பட்டை நகர வேண்டும். அறை தானாகச் சூடாகட்டும் என்று விடியற்காலையிலிருந்து மதியம் வரை போட்டோடயோடு வைத்து எண்ணினேன். ஐந்து டிகிரி ஏறியது. வந்திருக்க வேண்டியது 17, 18 பட்டை. வந்தது ஆறுகூட இல்லை.

கம்பி சாதாரண எஃகு இல்லை, ஏதோ கலப்பு என்று முடிவுகட்டினேன். அதோடு விட்டேனா? கல்லூரி நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில், "மில்லிமீட்டரில் மூவாயிரத்தில் ஒரு பங்கு துல்லியம், கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று பெருமையாகப் போட்டும் விட்டேன்.

என் தப்பு புரிந்தது, லாம்டனுக்குப் பிறகு என்ன நடந்தது என்று படித்தபோதுதான். அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் சங்கிலியைக் கைவிட்டார். தாமஸ் கோல்பி அயர்லாந்து அளவைக்காக உருவாக்கிய 10 அடிச் சட்டங்களை 1830-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். அந்தச் சட்டத்தில் ஒரு இரும்புப் பட்டையும் ஒரு பித்தளைப் பட்டையும் பக்கத்தில் பக்கத்தில், நடுவில் இணைந்து கிடக்கும். பித்தளை அதிகமாக நீளும், இரும்பு குறைவாக. இரு முனையிலும் இரண்டையும் இணைக்கும் ஒரு நாக்கு உண்டு. சூடானால் நாக்கு சாயும், ஆனால் அதில் சரியான இடத்தில் வைத்த ஒரு புள்ளி மட்டும் நகராது. அந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள தூரம்தான் அளவுகோல்.

இரண்டு பொருள் விரியும் வித்தியாசம். அட, என் கல்? கிரானைட்டும் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் எட்டுப் பங்கு போல நீளும். அறை முழுவதும் சூடானபோது கம்பி கண்ணாடியை முன்னே தள்ளியது, கல் அதே கம்பியைப் பின்னே இழுத்தது. நான் எண்ணியது எஃகின் விரிவை அல்ல, எஃகுக்கும் கிரானைட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை. பதினொன்றரையில் எட்டு போனால் மூன்றரை, அது டிகிரிக்கு ஒரு பட்டை. என் எண்ணிக்கை சரி, அர்த்தம்தான் தப்பு. கடைக்காரர் பாவம்.

மறுபடி செய்தேன். அறையை விட்டுவிட்டு, கம்பியின் மேல் மட்டும் சூடேற்றும் கம்பியைச் சுற்றி, கல் சூடாவதற்குள் சில நிமிடத்தில் முடித்தேன். பத்து டிகிரிக்கு 34 பட்டை. கணக்குப் போட்டால் 11 வருகிறது. குழுவில் மன்னிப்பும் கேட்டாச்சு.

லாம்டனின் தெற்கத்தி வேலையை 1860-களில் திரும்ப எடுத்துச் செய்தபோது, 1869-ல் கன்னியாகுமரி அடிக்கோட்டைக் கோல்பி சட்டங்களால் நான்கு தடவை அளந்தார்கள். ஒரு தடவை போதாதா? அந்தச் சட்டத்திலும் வம்பு இருந்தது. இரும்பும் பித்தளையும் ஒரே வேகத்தில் சூடாவதில்லை. வெயில் ஏறும்போது ஒன்று முந்தும், மற்றது பிந்தும். கோலை எவ்வளவு நம்பலாம் என்று தெரிந்துகொள்ள ஒரே கோட்டைத் திரும்பத் திரும்ப அளப்பதைத் தவிர வேறு வழியில்லை.

உலோகத்தின் தொல்லையிலிருந்து தப்பிக்க வழி காட்டியவர் மைக்கேல்சன்தான். 1892-93-ல் பாரிஸ் அருகே செவ்ரில், காட்மியத்தின் சிவப்பு ஒளியை வைத்து, ஒரு மீட்டருக்குள் 15,53,163.5 அலைகள் அடங்கும் என்று கண்டார். 1960-ல் மீட்டரையே கிரிப்டான் ஒளியின் அலைநீளத்தால் வரையறுத்தார்கள். 1983-லிருந்து ஒளியின் வேகத்தால். ஆனால் காற்றில் ஓடும் ஒளிக்கும் வெயில் உண்டு. ஒரு டிகிரி மாறினால் காற்றில் அலைநீளம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாறும். எஃகைவிடப் பத்து மடங்கு நல்லது, அவ்வளவுதான்.

செய்து பார்க்க விரும்புவோருக்கு: லேசரைக் கண்ணுக்கு நேரே பார்க்காதீர்கள். கல்லின் மேல் ஒரு தெர்மாமீட்டர், கம்பியின் மேல் ஒன்று என இரண்டு வையுங்கள். நான் முதலில் அறைக்கு ஒன்று போதும் என்று நினைத்தேன். அடுத்து பித்தளைக் கம்பி வாங்கியிருக்கிறேன், பத்தொன்பது வர வேண்டும். இந்த முறை குழுவில் போடுவதற்கு முன்னால் நான்கு தடவை அளப்பதாக உத்தேசம்.