தோல்வழி மருந்தின் கதை

மலாயாத் தோட்டங்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் ரப்பரின் விலையையும் கூலியின் அளவையும் விரிவாகக் கூறினர். பால்மரம் சீவிய பெண்களின் உடல்நிலை பற்றி அவர்கள் எழுதியது சொற்பமே. 1909-ஆம் ஆண்டில் கெடா சயாமின் மேலாதிக்கத்தினின்று நீங்கி ஆங்கிலேயர் பாதுகாப்பின் கீழ் வந்தது. அதன்பின் சுங்கைப்பட்டாணி, கூலிம், பீடோங் வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. தோட்ட ஆஸ்பத்திரிகளுக்கு மலேரியாவும் பேறுகாலமுமே பெருங்கவலைகள். ஏறத்தாழ 50 வயதில் மாதவிலக்கு நின்று, உடல் திடீரெனக் கொதித்து, இரவில் வியர்த்து உறக்கம் கெட்ட பெண், 'உடம்புச் சூடு' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு விடியுமுன் பெரட்டுக்குச் சென்றாள்.

அத்துன்பத்திற்குக் காரணம் யாது? சூலகத்தில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் குறைவதே. 1929-இல் அமெரிக்காவில் டாய்சியும் ஜெர்மனியில் பூட்டனாண்ட்டும் தனித்தனியே அவ்வகை ஹார்மோன் ஒன்றைப் பிரித்தெடுத்தனர். சினைக்குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த 'பிரெமரின்' மாத்திரை 1942-இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. அதே பத்தாண்டில் ரசல் மார்க்கர் என்னும் வேதியியலார் மெக்சிகோவின் காட்டு வள்ளிக்கிழங்கைக் கொண்டு புரோஜெஸ்டரோன் என்னும் மற்றொரு ஹார்மோனைச் செய்து காட்டினார். ஹார்மோன் மருந்துகளின் விலை குறைய அது வழி திறந்தது.

எனினும் மாத்திரைக்கு ஒரு குறை உண்டு. விழுங்கிய மருந்து குடலினின்று முதலில் கல்லீரலுக்கே செல்கிறது. அங்கே அதன் பெரும்பகுதி சிதைகிறது. இரத்தம் உறைவதற்கான புரதங்களும் மிகுகின்றன. தோலின் வழியே செல்லும் மருந்தோ நேரே இரத்தத்தில் கலக்கிறது. இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டு 1970-களில் பிரான்சில் ஜெல் என்னும் கூழ்மருந்து வழக்கிற்கு வந்தது. 1986-இல் அமெரிக்க அரசு ஈஸ்ட்ரோஜன் ஒட்டுப்பட்டைக்கு, அதாவது பேட்ச்சுக்கு, அனுமதி அளித்தது.

2002-இல் பேரதிர்ச்சி ஒன்று நேர்ந்தது. அமெரிக்காவில் 16,608 பெண்களிடம் நடைபெற்ற ஆய்வில், இரு ஹார்மோன்களைச் சேர்த்து மாத்திரையாக உண்டோருக்கு மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், இரத்தக்கட்டி ஆகியவை மிகுந்தமையால் ஆய்வின் அப்பகுதி இடையில் நிறுத்தப்பட்டது. உலகெங்கும் பெண்கள் அஞ்சி மருந்தைக் கைவிட்டனர். ஆனால் அங்கே சோதிக்கப்பட்டது மாத்திரையே என்பதைப் பலர் கவனிக்கவில்லை. மறு ஆண்டே பிரெஞ்சு ஆய்வொன்று, மாத்திரை உண்டோருக்கு இரத்தக்கட்டி அபாயம் மிகுவதையும், தோல்வழி மருந்து கொண்டோருக்கு அது மிகாமையையும் எடுத்துக் காட்டியது.

ஜெல்லா, பேட்ச்சா? இரண்டினுள்ளும் இருப்பது பெரும்பாலும் ஒரே எஸ்ட்ரடையால்தான். வேறுபாடு பழக்கத்திலேயே உள்ளது. பேட்சை இடுப்புக்குக் கீழே ஒட்டி, வகைக்கேற்ப வாரம் ஒருமுறையோ இருமுறையோ மாற்றினால் போதும். நாள்தோறும் நினைவு வைக்க வேண்டுவதில்லை. ஆயினும் வெயிலிலும் வியர்வையிலும் உழைப்போருக்கு அது கழன்று விழலாம். தோல் அரிக்கவும் கூடும். ஜெல்லுக்கு அத்தொல்லை குறைவு. அளவைக் கூட்டவும் குறைக்கவும் எளிது. ஆனால் அதனை அன்றாடம் தடவ வேண்டும். உலர்ந்த பின்னரே உடுத்த வேண்டும். தடவிய இடம் குழந்தையின் மேல் படலாகாது. இரண்டிற்கும் பொதுவான விதி ஒன்றுண்டு: கருப்பை உள்ள பெண் ஈஸ்ட்ரோஜனைத் தனியே கொள்ளலாகாது, கருப்பையின் உட்படலத்தில் புற்றுநோய் வராமற் காக்கப் புரோஜெஸ்டரோன் வகை மருந்தும் உடன் வேண்டும். மார்பகப் புற்றுநோய் கண்டவரும், காரணம் தெரியாத உதிரப்போக்கு உடையவரும் மருத்துவரைக் காணாமல் இவற்றைத் தொடுதல் தகாது.

இன்று கெடாவின் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. பால்மரம் சீவியோரின் பெண்மக்களுள் பலர் சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் தொழிற்சாலைகளில் இரவு பகலாக உழைக்கின்றனர். தாயார் 'உடம்புச் சூடு' என்று பொறுத்ததற்கு இன்று பெயரும் உண்டு, மருந்தும் உண்டு. கிளினிக்கில் அதை வாய்விட்டுச் சொல்லும் துணிவே இனி அவர்களுக்கு வேண்டுவது.