விலையில்லாப் போட்டியும் பெருநிறுவனங்களும்

வாணிகத்தில் பெரியவரைச் சிறியவர் எதிர்த்து நிற்பது புதிதன்று. ஆயின், சிறியவர் தம் பொருளை விலையின்றியே வழங்கத் தலைப்பட்டால் பெரியவர் யாது செய்வார்? தரவுத்தள மென்பொருளின் வரலாறு இவ்வினாவுக்கு விடை தருகின்றது.

தரவுகளை அட்டவணைகளாக வகுத்துத் தம்முள் தொடர்புபடுத்தும் முறையை ஐபிஎம் ஆய்வாளர் எட்கார் காட் 1970-இல் வெளியிட்டார். அக்கருத்தை விற்பனைப் பொருளாக்கி வளர்ந்தது, 1977-இல் கலிபோர்னியாவில் தோன்றிய ஆரக்கிள் நிறுவனம். வங்கிகளும் அரசுகளும் அதன் உரிமத்துக்குப் பெரும்பொருள் செலுத்தின.

1995-இல் சுவீடனிலிருந்து மைஎஸ்கியூஎல் வெளிவந்தது. அதனை ஆக்கியோருள் ஒருவரான மைக்கேல் விடேனியஸ், தம் மகள் 'மை'யின் பெயரை அதற்கு இட்டார். 2000-இல் அது பொது உரிமத்தின்கீழ் வந்தது. மூலநிரலை எவரும் பெறலாம், திருத்தலாம், பகிரலாம் என்றாயிற்று. வசதிகள் குறைவே எனினும் இணையத்தளங்களுக்கு அது போதுமாயிருந்தது.

பெருநிறுவனங்களின் முதல் மறுமொழி, தாமும் விலையில்லாப் பதிப்பு வெளியிடுதல். 2005, 2006 ஆம் ஆண்டுகளில் ஆரக்கிள், மைக்ரோசாப்ட், ஐபிஎம் ஆகிய மூன்றும் அவ்வாறே செய்தன. ஆரக்கிளின் அப்பதிப்பு 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட தரவை ஏற்கவில்லை. அவ்வளவினைக் கடந்து வளர்ந்தவர் விலை கொடுத்தே ஆகவேண்டும்.

அடுத்தது, போட்டியாளர் சார்ந்து நிற்கும் தூணை வாங்குதல். மைஎஸ்கியூஎலில் பரிவர்த்தனைகள் பழுதின்றி நிறைவேறத் துணைநின்றது இன்னோடிபி என்னும் பகுதி. அதனை ஆக்கிய பின்லாந்து நிறுவனத்தை 2005 அக்டோபரில் ஆரக்கிள் வாங்கியது.

இறுதியாக, போட்டிப் பொருளே அதன் கைக்கு வந்தது. மைஎஸ்கியூஎல் நிறுவனத்தைச் சன் நிறுவனம் 2008-இல் ஏறத்தாழ 100 கோடி டாலருக்கு வாங்கியிருந்தது. அந்தச் சன்னையே வாங்க 2009-இல் ஆரக்கிள் முற்பட்டது. போட்டி குன்றுமோ என ஐரோப்பிய ஆணையம் ஆராய்ந்தது. ஆரக்கிள் பத்து உறுதிமொழிகள் அளித்த பின், 2010 ஜனவரியில் ஒப்புதல் கிடைத்தது.

இத்துடன் போட்டி மாய்ந்ததா? இல்லை. ஆரக்கிள் மைஎஸ்கியூஎலை அழித்துவிடவில்லை; 2010 டிசம்பரிலேயே புதிய பதிப்பினை வெளியிட்டது. பொது உரிமத்தில் வெளியான நிரலையும் எவராலும் திரும்பப் பெற இயலவில்லை. அந்நிரலைக் கொண்டே விடேனியஸ் 2009-இல் மரியாடிபியைத் தொடங்கினார். இம்முறை இளைய மகள் மரியாவின் பெயர். பெர்க்கிலிப் பல்கலைக்கழக ஆய்விலிருந்து பிறந்த போஸ்ட்கிரெஸ்கியூஎலுக்கோ தனியொரு முதலாளி இல்லை. எனவே அதனை விலைபேச வழியுமில்லை.

நிறுவனத்தை வாங்கலாம், பலர் கைக்குச் சென்றுவிட்ட அறிவை வாங்கல் அரிது. ஆதலின் ஒரு மென்பொருளைத் தேர்வோர், விலை யாது என வினவுவதோடு அமையாது, உரிமை யாரிடம் உள்ளது எனவும் வினவுதல் வேண்டும்.