கோணமாமலைப் பட்டினத்தில் கூடைப்பந்தாட்டம்

திருகோணமலைப் பட்டினம் தன் இயற்கைத் துறைமுகத்தால் உலகப் புகழ் பெற்றது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகிய பலரும் அத்துறைமுகத்தை நாடி வந்தனர். அவர்தம் பீரங்கிகளையும் கோட்டையையும் பற்றிய வரலாறு பலரும் அறிந்ததே. அதே பட்டினத்தில், ஒரு பந்தையும் இரு வளையங்களையும் கொண்டு மாணவர் உள்ளத்தில் இடம் பிடித்தவர்களும் உளர். அவர்கள் வரலாறு அதிகம் பேசப்படுவதில்லை.

கூடைப்பந்தாட்டம் அண்மைக்காலத்தில் தோன்றிய விளையாட்டாகும். 1891ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நைஸ்மித் என்னும் ஆசிரியர் அதனை வகுத்தார். பனிக்காலத்தில் வெளியே ஆட இயலாத மாணவர்களுக்காக, பழக்கூடைகள் இரண்டைப் பத்து அடி உயரத்தில் அறைந்து, பந்தை அவற்றுள் எறியச் செய்தார். பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடலாகாது என்பது அவர் விதித்த முதன்மையான விதிகளுள் ஒன்று. குளிருக்காகப் பிறந்த இவ்விளையாட்டு, வெயில் காயும் கிழக்கிலங்கைக்கும் பொருந்திற்று. துடுப்பாட்டத்திற்குப் பெருந்திடலும் விலைமிகுந்த கருவிகளும் வேண்டும். இதற்கோ சிறியதொரு களமே போதும். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளையும் இதில் சமமாக நின்று ஆடலாம்.

திருகோணமலைப் புனித சூசையப்பர் கல்லூரி 1867ஆம் ஆண்டில் தோன்றியது. 1893இல் திருகோணமலை தனி மறைமாவட்டமாகி, இயேசு சபைத் துறவியர் பொறுப்பில் வந்தது. முதலிற் பணியாற்றியோர் பிரெஞ்சு நாட்டவர். 1947இல் அமெரிக்கத் துறவியான இக்னேஷியஸ் கிளெனி ஆயரானார். அடுத்த ஆண்டு, லூசியானா மாநிலத்தைச் சேர்ந்த யூஜின் ஹேபியர் என்னும் இளந்துறவி இலங்கைக்கு வந்தார்.

சூசையப்பர் கல்லூரியிலும், பின்னர் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் ஹேபியர் அடிகளார் ஆசிரியராக விளங்கினார். வகுப்பறையில் பாடம் புகட்டியவரே மாலையிற் களத்தில் நின்று கூடைப்பந்து பயிற்றினார். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அருகருகே வாழும் மாவட்டத்தில், ஐவர் ஓரணியாகி ஆடும் ஆட்டம் இது. தானே பந்தை வைத்துக்கொள்ள விரும்புபவன் இதில் வெல்ல முடியாது. தோழனை நம்பிப் பந்தைக் கொடுப்பவனே வெல்வான். இப்பாடத்தை நூலிற் படிப்பதினும் களத்திற் பழகுவதே எளிது.

காலம் மாறிற்று. 1957இல் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தால் உதவி பெறும் பாடசாலைகள் பெரும்பாலும் அரசின் கைக்குச் சென்றன. கப்பல்களோடு வந்தோர் கப்பல்களோடு சென்றனர். அடிகளாரோ கிழக்கிலங்கையைத் தம் ஊராகவே கொண்டு தங்கிவிட்டார். முதுமையில், மட்டக்களப்பில் இளைஞர்களுக்குத் தொழிற்கல்வி அளிக்கும் நிறுவனமொன்றை நடத்தினார். போரினால் அல்லலுற்ற குடும்பங்களுக்காகச் சமாதானக் குழுவிலும் உழைத்தார்.

1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. ஆகஸ்டு 15ஆம் நாள், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கித் தமிழ் இளைஞர் ஒருவருடன் அடிகளார் புறப்பட்டார். இருவரும் போய்ச் சேரவில்லை; அவர்தம் உடல்களும் கிடைக்கவில்லை. அப்பொழுது அடிகளாருக்கு வயது அறுபத்தாறு. நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து வந்தவருக்கு, அவர் நேசித்த மண்ணில் ஒரு கல்லறைதானும் இல்லை.

பந்தை மற்றவனிடம் நம்பிக் கொடுக்குமாறு மாணவருக்குக் கற்பித்தவர், அந்நம்பிக்கை நாட்டிற் குலைந்த நாளில் மறைந்துபோனார். துறைமுகத்தைக் காக்கக் கோட்டை எழுப்பியோரின் பெயர்களைக் கற்கள் தாங்கி நிற்கின்றன. நல்லாசிரியரின் பெயரைத் தாங்குவோர் மாணவர்களே. அவர் கற்பித்த அப்பாடத்தைத் தம் பிள்ளைகளுக்கும் அவர்கள் கற்பிப்பாராயின், அதுவே அவருக்கு அமையும் நினைவுச் சின்னமாகும்.