முறுக்கிக்கொள்ளாத குழாய்: ரத்தம் பிரிக்கும் இயந்திரம் பிறந்த கதை

டெங்கு பரவும் மாதங்களில் ரத்த வங்கித் தொலைபேசிகளுக்கு ஓய்வே கிடையாது. "எஸ்.டி.பி. வேணும், ஓ பாசிட்டிவ், இன்னிக்கு ராத்திரிக்குள்ள" என்று வாட்ஸ்அப் குழுக்களில் செய்தி பறக்கும். ஒரே கொடையாளரிடமிருந்து மொத்தமாக எடுக்கும் தட்டணுக்களைத்தான் எஸ்.டி.பி. என்கிறார்கள். கொடையாளர் வந்து சாய்வு நாற்காலியில் படுப்பார். கையில் ஊசி ஏறும். பக்கத்தில் நிற்கும் இயந்திரம் ரத்தத்தை இழுக்கும், தட்டணுக்களை மட்டும் ஒரு பைக்குள் தள்ளும், மிச்சத்தை உடம்புக்கே திருப்பி அனுப்பும். மறுபடி இழுக்கும், மறுபடி அனுப்பும். ஒன்றரை மணி நேரம் போல ஆகும். நடுவில் உதட்டோரம் விறுவிறுவென்று இருக்கும். ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கிற சிட்ரேட், உடம்பிலுள்ள கால்சியத்தைச் சற்றுக் கட்டிப்போடுவதால் வரும் விறுவிறுப்பு அது. நர்ஸ் ஒரு கால்சியம் மாத்திரையைக் கொடுத்து மெல்லச் சொல்வார், சரியாகிவிடும்.

இயந்திரத்தின் மூடிக்குள் ஒரு கிண்ணமோ வளையமோ அதிவேகமாகச் சுழன்றுகொண்டிருக்கிறது. கொடையாளரின் கை அசையாமல் கிடக்கிறது. இரண்டையும் இணைப்பது மெல்லிய பிளாஸ்டிக் குழாய். ஒரு முனை நிலையாக நிற்க, மறுமுனை நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் சுற்றினால், கண்ணிமைக்கும் நேரத்தில் குழாய் முறுக்கேறி அறுந்துபோக வேண்டும். ஆனால் அறுவதில்லை. இந்த இயந்திரம் பிறந்த கதையில் பாதிக்கு மேல், அது ஏன் அறுவதில்லை என்ற கதைதான்.

பாலாடை எடுத்தவர்கள்

ரத்தத்தைப் பிரிப்பது அப்படியொன்றும் பெரிய வித்தை அல்ல. உறையாதபடி செய்து ஒரு குழாயில் நிறுத்தி வைத்தால், கனமான சிவப்பணுக்கள் தாமாகவே அடியில் இறங்கும். வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா மேலே நிற்கும். இரண்டுக்கும் நடுவில் வெளிறிய மெல்லிய படலம் ஒன்று படியும். வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் குடியிருப்பது அந்தப் படலத்தில். சுழற்றினால் இதே வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

சுழற்றிப் பிரிக்கும் தொழில்நுட்பம் மருத்துவமனைக்கு வருமுன்பே பால் பண்ணையில் இருந்தது. சுவீடன்காரரான குஸ்தாஃப் டி லவால் 1878-இல் பாலிலிருந்து ஆடையைப் பிரிக்கும் சுழல் இயந்திரத்தைச் செய்தார். பால் ஒரு பக்கம் ஓடி வந்துகொண்டே இருக்க, ஆடை ஒரு வழியாகவும் ஆடை நீங்கிய பால் இன்னொரு வழியாகவும் வெளியேறும். இரண்டாம் உலகப் போரின்போது பிளாஸ்மாவிலிருந்து ஆல்புமின் பிரித்துப் பெயர் பெற்ற ஹார்வர்டு வேதியியலாளர் எட்வின் கோன், தம் கடைசிக் காலத்தில் கட்டிய ரத்தப் பிரிப்பானுக்கு இந்தப் பால் இயந்திரமே முன்மாதிரி. 1953-இல் அவர் இறந்துவிட்டார். அந்த வடிவத்தைக் கையிலெடுத்த ஆலன் லேதம் என்ற பொறியாளர், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் கிண்ணமாக அதை மாற்றினார். பின்னாளில் 'ஹீமோனெட்டிக்ஸ்' நிறுவனத்தைத் தொடங்கியவரும் அவர்தான்.

பிரித்து எடுத்தபின் மிச்சத்தை உடம்புக்கே திருப்பித் தரலாம் என்ற எண்ணம் இன்னும் பழையது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜான் ஜேக்கப் ஏபெல், 1914-இல் நாய்களிடம் ரத்தம் எடுத்து, பிளாஸ்மாவை நீக்கி, அணுக்களை மட்டும் திரும்பச் செலுத்திக் காட்டினார். நாய்கள் பிழைத்தன. ஆனால் மனிதரிடம் அதைச் செய்ய வந்தபோது எல்லாமே கைவேலையாக இருந்தது. ஒரு பை ரத்தம் எடுக்க வேண்டும். குழாயைக் கழற்றிப் பையை வேறு அறைக்குக் கொண்டுபோய் சென்ட்ரிஃப்யூஜில் சுற்ற வேண்டும். வேண்டியதைப் பிழிந்தெடுத்துவிட்டு, மீதியைக் கொண்டுவந்து அதே ஆளுக்கு ஏற்ற வேண்டும். பிறகு அடுத்த பை. அறையில் நாலு கொடையாளர்கள் படுத்திருக்கும்போது பை மாறிவிட்டால் போச்சு. ஒருவரின் சிவப்பணுக்கள் பொருந்தாத இன்னொருவருக்குள் போனால் உயிருக்கே உலை. பிரிப்பதைவிடத் திருப்பித் தருவதில்தான் ஆபத்து அதிகம்.

பெத்தெஸ்டாவுக்கு வந்த தகப்பன்

அமெரிக்காவின் பெத்தெஸ்டாவில் தேசியப் புற்றுநோய்க் கழகம் இருக்கிறது. 1955-இல் அங்கே வேலைக்குச் சேர்ந்த இளம் மருத்துவர் எமில் ஃப்ரைரைக்கிடம் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளை ஒப்படைத்தார்கள். அந்தக் குழந்தைகளில் பலரைக் கொன்றது புற்றுநோய் அல்ல, ரத்தப்போக்கு. மூக்கில், ஈறில், குடலில் என்று எங்கும் கசிவு, தலையணையெல்லாம் ரத்தம். தட்டணுக்கள் இல்லாததே காரணம் என்று ஃப்ரைரைக் சொன்னார். அப்போது ஏற்றிக்கொண்டிருந்த ரத்தம் இரண்டு நாளுக்கு மேல் வங்கியில் கிடந்தது, அதில் வேலை செய்யும் தட்டணுக்களே மிச்சமில்லை என்பதையும் கண்டுபிடித்தார். புது ரத்தத்திலிருந்து தட்டணுக்களை எடுத்து ஏற்றியபோது கசிவு நின்றது.

ரத்தப்போக்கு நின்றதும் அடுத்த எமன் எதிரே வந்தான்: தொற்று. எதிர்த்து நிற்க வெள்ளையணுக்கள் வேண்டும். ஆனால் ஒரு பை ரத்தத்தில் இருக்கும் வெள்ளையணுக்கள் ஒரு குழந்தைக்குக் கால்வாசிக்குக்கூடக் காணாது. அதனால் ஃப்ரைரைக் குழுவினர் விநோதமான வழி ஒன்றைப் பிடித்தார்கள். நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய் உள்ள பெரியவர்களின் ரத்தத்தில் வெள்ளையணுக்கள் அளவுக்கு மீறி மண்டிக் கிடக்கும். அவர்களிடம் எடுத்து, வெள்ளையணு அற்றுப்போன குழந்தைகளுக்கு ஏற்றினார்கள். சில குழந்தைகளுக்குக் காய்ச்சல் இறங்கியது. போதிய அளவு கிடைத்தால் பலன் உண்டு என்பது உறுதியாயிற்று. ஆரோக்கியமான ஒருவரிடம் அந்த அளவை எடுப்பதற்குத்தான் வழி தெரியவில்லை.

அந்த நேரத்தில் வந்து சேர்ந்தவர் ஜார்ஜ் ஜட்சன். நியூயார்க் மாநிலத்தின் எண்டிகாட் நகரில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பொறியாளர். 1962-இல் அவருடைய 17 வயது மகனுக்கு அதே நாட்பட்ட மைலாய்டு புற்றுநோய் என்று தெரிந்தது. பையனுடன் பெத்தெஸ்டாவுக்கு வந்த தகப்பன், பை பையாக ரத்தம் எடுத்து, ஓடி, சுற்றி, பிழிந்து, திரும்பக் கொண்டுவரும் வேலையைப் பார்த்தார். தொழிற்சாலைக்காரரின் கண்ணுக்கு அது தறிகெட்ட வேலையாகப் பட்டது. ஒவ்வொரு பையாக ஏன் நிறுத்தி நிறுத்திச் செய்ய வேண்டும்? ஒரு கையில் எடுப்பது ஓடட்டும், நடுவில் சுழலட்டும், மறு கையில் திரும்பட்டும், ஓட்டம் நிற்கவே வேண்டாம். இதுதான் அவர் கேட்டது. ஃப்ரைரைக் வரவேற்றார். ஐ.பி.எம். நிறுவனமும் அவரைப் புற்றுநோய்க் கழகத்தோடு சேர்ந்து உழைக்க அனுமதித்தது.

கிண்ணமும் வாயும்

ஜட்சனின் கிண்ணத்துக்குள் என்ன நடந்தது என்று பார்க்கலாம். கொடையாளரின் ரத்தம் கிண்ணத்தின் அடி நடுவில் இறங்கும். சுழற்சியின் வேகத்தில் ஓரத்துக்கு ஓடிச் சுவர் வழியாக மேலேறும். ஏறும்போதே பிரியும்: சிவப்பணுக்கள் வெளிச்சுவரை ஒட்டி, பிளாஸ்மா உட்பக்கமாக, நடுவில் அந்த வெளிறிய படலம். மேலே மூன்று துளைகள், மூன்று பம்புகள். பம்புகளின் வேகத்தைக் கூட்டிக் குறைத்து, படலத்தைச் சரியாக நடுத் துளைக்கு நேரே கொண்டுவந்து நிறுத்துவதில் இருந்தது சாமர்த்தியம். கொஞ்சம் உள்ளே தள்ளிப்போனால் சிவப்பணு வரும், கொஞ்சம் வெளியே போனால் வெறும் பிளாஸ்மா வரும். இயக்குபவர் படலத்தைக் கண்ணால் பார்த்துப் பார்த்துத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும்.

இதெல்லாம் சமாளிக்கக்கூடியதுதான். சுழலும் கிண்ணத்துக்குள் ரத்தம் நுழைவதும் வெளியேறுவதும் எந்த வாய் வழியாக என்பதில்தான் உயிரே இருந்தது. ஜட்சன் குழு, கண்ணாடிபோல மெருகேற்றிய இரண்டு வட்டத் தகடுகளை முகத்தோடு முகம் அழுத்தி வைத்தது. ஒன்று நிற்கும், மற்றது சுழலும். இரண்டிலும் வளைய வளையமாகப் பள்ளங்கள். ஒவ்வொரு வளையமும் ஒரு வழி. தகடுகளுக்கிடையே உப்புநீர் ஓடி உராய்வைத் தணிக்கும். தகடு சூடானால் அணுக்கள் உடையும். கசிந்தால் ரத்தம் கலந்துவிடும். அழுக்கோ கிருமியோ நுழைந்தால் நேராகக் கொடையாளரின் ரத்தக்குழாய்க்குப் போய்விடும். ஒவ்வொரு கொடையாளருக்குப் பிறகும் பிரித்துக் கழுவிக் கிருமி நீக்கி மாட்ட வேண்டும். இத்தனை தொல்லைகளோடும் இயந்திரம் வேலை செய்தது. ஃப்ரைரைக்கும் ஜட்சனும் சேர்ந்து எழுதிய முதல் கட்டுரை 1965-இல் வெளிவந்தது. 1968-இல் 'நேச்சர்' இதழில் வந்த கட்டுரையில் ஆசிரியர்கள் பட்டியலில் முதலில் நின்ற பெயர், மருத்துவரல்லாத ஜட்சனுடையது.

ஒரு தம்ளர் தண்ணீர்

தகடுகளே வேண்டாம், வாயே வேண்டாம், ஒரே குழாய் தொடர்ச்சியாக உள்ளே போகட்டும் என்று சொன்னால் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். நீங்களே செய்து பாருங்கள். வலது உள்ளங்கையில் ஒரு தம்ளர் தண்ணீரை வையுங்கள். தம்ளர் சாயாமல், கையை அக்குளுக்கு அடியில் கொண்டுபோய்ச் சுழற்றி முன்னே கொண்டுவாருங்கள். உள்ளங்கை ஒரு முழுச் சுற்று சுற்றியிருக்கும். முழங்கை வானத்தைப் பார்த்து முறுக்கிக்கொண்டிருக்கும். நிறுத்தாதீர்கள். அதே திசையில் இன்னொரு சுற்று, இப்போது தலைக்கு மேலே. கை பழைய நிலைக்கே வந்துவிடும். தம்ளர் ஒரே திசையில் இரண்டு முறை சுற்றியும் தோளில் ஒரு முறுக்கும் மிச்சமில்லை.

இதே கணக்கில் ஒரு கருவிக்கு டேல் ஆடம்ஸ் என்ற அமெரிக்கர் 1971-இல் காப்புரிமை பெற்றார். குழாயின் ஒரு முனையை மேலே நிலையாகக் கட்டுங்கள். அதை வளைத்து, கிண்ணத்தைச் சுற்றிக் கீழே கொண்டுபோய், அடியிலிருந்து கிண்ணத்துக்குள் செருகுங்கள். வளைவைத் தாங்கும் சட்டம் ஒரு சுற்று சுற்றும் நேரத்தில் கிண்ணம் இரண்டு சுற்று சுற்றினால், ஏறுகிற முறுக்கு உடனுக்குடன் இறங்கிவிடும். குழாய் முழுவதும் ஒரே துண்டு. கசிய இடமில்லை, உரச முகமில்லை, கிருமி நுழைய வாயில்லை. கொடையாளர் எழுந்ததும் மொத்தத்தையும் கழற்றி எறிந்துவிடலாம்.

இதை ரத்தத்துக்கு முதலில் கொண்டுவந்தவர் யார் என்பதில் ஒரு வழக்கே நடந்தது. பெத்தெஸ்டாவின் தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர் யோயிச்சிரோ இட்டோ இப்படி ஒரு சென்ட்ரிஃப்யூஜை வடிவமைத்தார். அங்கேயே இதய ஆய்வில் இருந்த ஜாக் சுவாதோ அதைத் தம் ஆய்வுக்கு ரத்தம் பிரிக்கப் பயன்படுத்தினார். இருவரும் இன்னொருவரோடு சேர்ந்து 1975-இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். ஹெர்பர்ட் கல்லிஸ் என்ற பொறியாளர் வாய்த் தகடு இல்லாத ரத்தப் பிரிப்பானுக்குத் தனியே காப்புரிமை கேட்டது 1976-இல். அந்தக் காப்புரிமையை வைத்து பாக்ஸ்டர் நிறுவனம், கோபே நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. சுவாதோ தம் ஆய்வகத்தில், வந்துபோகிறவர்கள் பார்க்கும்படி, முன்கூட்டியே அதைப் பயன்படுத்திவிட்டார் என்று சொல்லி, 1996-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் காப்புரிமை செல்லாது என்றது. கோபே தன் பங்குக்கு, ஐ.பி.எம். கைவிட்ட ரத்தப் பிரிப்பான் தொழிலை வாங்கியிருந்த நிறுவனம். ஜட்சனின் கிண்ணத்துக்கு இப்படி ஒரு வாரிசும் கிடைத்தது, வாரிசுக்கு ஒரு வழக்கும் கிடைத்தது.

எதற்குப் பிறந்தது, எதற்கு வளர்ந்தது

ஜட்சனை பெத்தெஸ்டாவுக்கு இழுத்துவந்த நோய்க்கு இன்று பெரும்பாலும் மாத்திரைதான் சிகிச்சை. இமாட்டினிப் என்ற அந்த மருந்து 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் காப்புரிமை விண்ணப்பம் சென்னை அலுவலகத்தில் மறுக்கப்பட்டு, 2013-இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றது நம்மூர்க் கதை. அந்த நோய்க்காகப் பிறந்த இயந்திரமோ வேறு வேலைகளில் புகுந்துகொண்டது. எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்கு, இடுப்பெலும்பில் துளையிடாமல் ஓடும் ரத்தத்திலிருந்தே, ரத்தத்தை உற்பத்தி செய்யும் மூல அணுக்களைப் பிடித்துத் தருகிறது. உடம்பே உடம்பைத் தாக்கும் நோய்களில் கெட்ட பிளாஸ்மாவை மாற்றுகிறது. 2023-இல் இந்தியாவில் அனுமதி பெற்ற நெக்ஸ்கார்19 போன்ற புதிய புற்றுநோய்ச் சிகிச்சைகளில், நோயாளியின் டி அணுக்கள் என்ற வெள்ளையணுக்களை முதலில் சேகரித்துக் கொடுப்பதும் இதே வகை இயந்திரம்தான்.

ஜட்சன் செய்தது ஒரு நோய்க்கான மருந்து அல்ல. ஓடும் ரத்தத்திலிருந்து வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைப் பத்திரமாகத் திருப்பித் தரும் வழி. அதனால்தான் நோய் மாறினாலும் இயந்திரம் மாறாமல் நிற்கிறது. இதன் பலனைக் கொடையாளரின் கணக்கிலேயே பார்க்கலாம். முழு ரத்தம் கொடுத்த ஆண் மறுபடி கொடுக்க மூன்று மாதம் காத்திருக்க வேண்டும், பெண் நான்கு மாதம். தட்டணு கொடுத்தவர் 48 மணி நேரத்தில் மறுபடி வரலாம். வாரத்துக்கு இரண்டு முறை, வருடத்துக்கு 24 முறை வரை நம் நாட்டு விதி அனுமதிக்கிறது. சாதாரணமாக ஏறக்குறைய ஆறு பேரின் ரத்தப் பைகளிலிருந்து சேர்க்க வேண்டிய தட்டணுக்கள், ஒரே ஆள் கொடுக்கும் ஒரு பையில் வந்துவிடுகின்றன. சிவப்பணுக்களை அவரே வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறார்.